பரிசோதகர் யார் கீழே?



இன்ஜினியருக்கும் சி.பி.ஐ.க்கும் என்ன சம்பந்தம்னு பின் வரிசையில சிரிக்கிறாங்க. நான் முதலில் வேலை பார்த்த தொழிற்சாலையில் தரப் பரிசோதகர் உற்பத்தி மேலாளரின் கீழ் இருந்தார். மாதக் கடைசியில் ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் ஆகாது!

சி.பி.ஐ. கதையும் அதுதான். பெரிய அதிகாரிகளை விசாரிக்க அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற உத்தரவை 1997-ல் வினீத் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2003-ல் அதுவே சட்டப் பிரிவாக வந்தது. 2014-ல் அதுவும் ரத்து. 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17-ஏ என்று வேறு உருவில் வந்தது. வாசலில் விரட்டினா கொல்லைப்புறமா நுழையற பூனை மாதிரி.

அதுக்காக முழுச் சுதந்திரமா? எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவில் 1924 முதல் 1972 வரை ஹூவர் ஒருவரே புலனாய்வுத் துறைத் தலைவர். மார்ட்டின் லூதர் கிங்கையே ஒட்டுக் கேட்டார்கள். பிறகுதான், 1976-ல், பத்தாண்டு வரம்பு போட்டார்கள்.

நம் இயக்குநரைப் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி கொண்ட குழு தேர்ந்தெடுக்கிறது. நல்லதுதான். ஆனால் 2021 திருத்தப்படி இரண்டாண்டுப் பதவியை ஒவ்வொரு ஆண்டாக ஐந்தாண்டு வரை நீட்டலாம். குழு சிபாரிசு வேணும்னாலும், நீட்டிப்புக்குக் காத்திருப்பவர் யார் முகத்தைப் பார்ப்பார்? ஐந்து வருஷத்தை ஒரே தடவையா கொடுங்க, நீட்டிப்பே வேண்டாம் என்பேன்.

எங்க பரிசோதகரைப் பிறகு தலைமை அலுவலகத்தின் கீழ் மாற்றினார்கள். முதல் மாதமே ரிஜெக்ட் பீஸ் மலையாய்க் குவிந்தது. மேலாளர் மூணு மாசம் அவரோட பேசவே இல்லை.