அளவுகோல் மேலே, காவல் நம் கையில்

(தாராவியில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாகிம் கழிமுகத்துச் சேற்றில் வேரூன்றி நிற்கும் அலையாத்திக் காட்டை நாம் தினமும் பார்க்கிறோம். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி, மரத்திலும் சேற்றிலும் பூட்டி வைக்கிறது. கடல் அலையையும் தடுக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி ஆறு பொங்கியதே, ஆற்றோரக் குடிசைகள் என்ன பாடுபட்டன என்பதை நாம் அறிவோம்.

இந்தக் காட்டின் மீது அதிகாரம் யாருக்கு? காடு மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42வது அரசியல் சட்டத் திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டு போயிற்று. 1986இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 1991 முதல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கைகளும் டில்லியின் கையில். கரியமில வாயுவைக் குறைத்ததற்கும் உறிஞ்சியதற்கும் சான்று கொடுத்துச் சந்தையில் விற்கும் திட்டத்தை 2023இல் அறிவித்ததும் டில்லிதான். அதற்கும் மேலே 2015இன் பாரிஸ் ஒப்பந்தம்.

அப்படியானால் எல்லாவற்றையும் மாநிலத்திடம் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது. சதுர அடிக்குச் சண்டை நடக்கும் நகரம் இது. அலையாத்தியை அழிக்கக் கூடாது என்று 2005இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடை போட வேண்டியிருந்தது. அழிப்பது மக்களின் உயிர்வாழும் உரிமையையே பறிப்பது என்று 2018இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நான் ரயில்வே குமாஸ்தா. தண்டவாளத்தின் அகலத்தை ஊருக்கு ஊர் மாற்ற முடியாது. அது மேலே தீர்மானிக்கப்பட வேண்டியது. ஆனால் இந்த வண்டி இப்போது புறப்படலாமா என்பதை நிலையத்தில் கண்விழித்து நிற்பவர்தான் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் செய்ததும் இதைத்தான். கரியமில வாயுவை அகற்றுவதற்கான அளவுகோலை ஒன்றியம் வகுத்தது. சான்று தரும் நிறுவனங்களைக் கண்காணிக்கும் வேலையை உறுப்பு நாடுகளுக்கு விட்டது.

இங்கே வெட்டிவிட்டு, எங்கோ நட்ட கன்றுக்குச் சான்று வாங்கினால் கணக்குப் புத்தகம் சரியாகும். நம் கரை சரியாகுமா?

எனவே கேட்கிறோம்: குறைந்தபட்ச விதியை மத்திய அரசு வகுக்கட்டும், மாநிலம் அதைக் கடுமையாக்கலாம், தளர்த்தக் கூடாது. நமது கரையைப் பற்றிய முடிவு எதுவும் மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் அறிவிக்கப்பட்டு, கோலி மீனவரும் குடிசைவாசியும் பேசிய பிறகே எடுக்கப்பட வேண்டும். சான்று விற்ற பணத்தில் ஒரு பங்கு கரையோர மக்களுக்குத் திரும்ப வேண்டும். மரத்தின் பெயரைச் சொல்லி, மாற்றிடம் தராமல் எந்தக் குடிசையையும் இடிக்கக் கூடாது.

மராத்தியத் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு, இக்கோரிக்கைகளை வார்டுதோறும் எடுத்துச் செல்வோம்.