அமெரிக்க நாட்டில் நீத்தார் கடன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சாவினைப் பற்றி அவையிற் பேசுதல் மங்கலமன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் நம் சங்கத்தின் ஈமநிதியைக் குறித்துச் சென்ற கூட்டத்தில் எழுந்த வாதம் என்னை இப்பொருளிற் புகச் செய்தது. ஓர் உறுப்பினர் வீட்டில் இழவு நேர்ந்தால் பணம் அனுப்பிவிட்டாற் போதுமா, ஆளும் சென்று நிற்றல் வேண்டுமா என்பதே அவ்வாதம். இவ்வினாவிற்கு ஒரு நாடே இருவகையாக விடையிறுத்திருக்கிறது. அஃது அமெரிக்க ஐக்கிய நாடு. பல சமயத்தாரும் பல இனத்தாரும் கூடி வாழும் நாடாதலின், பிணத்தைக் கூலிக்கு ஒப்படைப்பாரையும், தம் கையாலேயே குழியில் இறக்குவாரையும் ஆங்கே ஒரே ஊரிற் காணலாம்.

முற்காலத்தில் அந்நாட்டிலும் இல்லத்துப் பெண்டிரே பிணத்தை நீராட்டினர். ஊர்த் தச்சன் பெட்டி செய்தான். அண்டை வீட்டார் சுமந்தனர். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போர் இதனை மாற்றிற்று. அப்போரில் 6,00,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். வீட்டுக்கு நெடுந்தொலைவிற் கிடந்த மைந்தன் முகத்தை ஒருமுறை காண விழைந்த பெற்றோர்க்காக, உடலைக் கெடாமற் பதப்படுத்தும் தொழில் வளர்ந்தது. 1865 ஏப்ரலிற் சுடப்பட்டு இறந்த லிங்கன் பெருமகனாரின் உடலும் அவ்வாறே பதப்படுத்தப்பட்டு, வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்பீல்டு வரை புகைவண்டியிற் சென்றது. வழிநெடுக நகரங்களில் இலட்சக்கணக்கானோர் கண்டு கலங்கினர். 1862-இல் இறந்த அவருடைய சிறுமகன் வில்லியின் பெட்டியும் அதே வண்டியிற் சென்றது என்பதைப் படிக்குந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது. தலைவனுக்குச் செய்தது தம் வீட்டார்க்கும் தகும் என மக்கள் எண்ணலாயினர்.

பின்னர்ப் பிணம் வீட்டை விட்டுக் கடைக்குச் சென்றது எனலாம். ஈமக்கடன் நடத்தும் வணிகர் உடலை வாங்கிச் சென்று, பதப்படுத்தி, முகத்திற்கு வண்ணம் தீட்டி, உறவினர் வந்து காணுமாறு வைப்பர். துயருற்றவன் பேரம் பேசான் என்பது எந்நாட்டு வணிகனும் அறிந்ததே. ஜெசிக்கா மிட்போர்டு என்னும் அம்மையார் 1963-இல் இவ்வாணிகத்தை எள்ளி ஒரு நூல் எழுதினார், நாடெங்கும் பரபரப்புண்டாயிற்று. 1984 முதல், ஒவ்வொரு பொருளுக்கும் பணிக்கும் தனித்தனியே விலை எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்னும் விதி நடைமுறையிலுள்ளது.

இனி, இவ்வழியிற் செல்லாத யூதர்களைப் பார்ப்போம். அவர்கள் ஊர்தோறும் 'ஹெவ்ரா கதீஷா' என்னும் ஒரு குழுவை வைத்திருக்கின்றனர்; 'புனிதக் கூட்டம்' என்பது அதன் பொருள். ஆண் இறந்தால் ஆடவரும், பெண் இறந்தால் மகளிரும் உடலை நீராட்டி, எளிய வெள்ளாடை உடுத்துவர். அவ்வாடையிற் பை இராது. கொண்டு செல்வது ஒன்றுமில்லை அன்றோ! செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒரே வகை ஆடை; எளிய மரப்பெட்டி. கைம்மாறு பெறவியலாதவர்க்குச் செய்யும் உதவியாதலின் இதனையே மெய்யான அன்பென்பர். இப்பணியிற் சேர்வது ஆங்கே ஒருவனுக்குப் பெருமை. பிணந்தொடும் பணியைப் பிறர் தலையிற் சுமத்தி, அதன்பொருட்டே அவரை இழிந்தோர் என விலக்கிவைத்த நாம் இதனைச் சற்று நிதானமாகக் கேட்டல் நலம்.

அடக்கம் விரைவில் நிகழும். உறவினர் தாமே மண்ணள்ளி இடுவர். ஒருவர் மண்வெட்டியை மற்றவர் கையிற் கொடாமல் மண்ணிற் குத்தி நிறுத்த, அடுத்தவர் எடுத்துக்கொள்வர். வீடு திரும்பியதும் அண்டை வீட்டார் சமைத்த உணவையே துக்கமுடையார் உண்பர். முட்டையும் அவரைக்கிளைப் பருப்பும் அதில் இடம்பெறும். ஏழு நாள் வீட்டை விட்டு அகலாது தாழ்ந்த இருக்கையில் அமர்வர். கண்ணாடிகளைத் துணியால் மறைப்பர். துக்கங் கேட்க வருவோர், துக்கமுடையார் வாய்திறக்குமுன் பேசலாகாது. இவ்வொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. இழவு வீட்டில் நாம் எத்துணை வீண்பேச்சுப் பேசுகிறோம்!

பென்சில்வேனியா முதலிய இடங்களில் உழவு செய்து வாழும் ஆமிஷ் என்னும் கிறித்தவர், பதப்படுத்துவதற்கு மட்டும் வெளியாரை அழைப்பதுண்டு. ஏனையவெல்லாம் அவர்களே செய்வர். மாடு கறத்தல் முதல் சமையல் வரை அண்டை வீட்டார் ஏற்க, துக்கமுடையார் வாளா அமர்ந்திருப்பர். 2006 அக்டோபரில் அவர்களுடைய பள்ளியொன்றில் ஒருவன் புகுந்து சிறுமியர் ஐவரைச் சுட்டுக் கொன்று தானும் மாண்டான். சில நாளில் அவனது அடக்கம் நடந்தபொழுது, வந்து நின்றவருட் பெரும்பகுதியினர் ஆமிஷ் மக்களே. தம் மகளை அடக்கம் செய்த பெற்றோரும் அவருள் இருந்தனர். பணம் அனுப்புவதால் இஃது ஆகுமா?

நவஹோ என்னும் தொல்குடியினரது பழைய மரபு இதற்கு நேர்மாறானது. மிகச்சிலரே உடலை எடுத்தடக்குவர். துக்கம் நான்கு நாள். பின்னர் இறந்தார் பெயரையும் சொல்லார்.

ஆப்பிரிக்க மரபினர் வரலாறு நம் போன்ற சங்கத்தார்க்கு மிகவும் அணுக்கமானது. 1787-இல் பிலடெல்பியாவில் ரிச்சர்டு ஆலன், அப்சலம் ஜோன்ஸ் என்னும் இருவர் ஒரு சங்கம் கண்டனர்; உறுப்பினர் மாதம் ஒரு ஷில்லிங் செலுத்தினர்; கைம்பெண்களும் பிள்ளைகளும் காக்கப்பட்டனர். பிற்காலத்தில் இத்தகைய சங்கங்கள் பல ஊர்களில் எழுந்து, உறுப்பினரின் ஈமச் செலவையும் ஏற்றன. நியூ ஆர்லியன்ஸ் நகரில் சங்கத்தார் பணம் கொடுத்ததோடு அமையாது, பாண்டு வாத்தியத்துடன் தாமே அணிவகுத்து நடந்தனர். போம்பொழுது மெல்லிய சோக இசை. உடலுக்கு விடைகொடுத்தபின் துள்ளிசை. பின்தொடரும் ஊரார் குடை சுழற்றி ஆடுவர். பறைமுழக்கத்துடன் பிணம் எடுப்பதைக் கண்டறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

வணிகர் அனைவரையும் ஒரே தட்டில் நிறுத்தலும் முறையன்று. 1955-இல் எம்மெட் டில் என்னும் 14 வயதுச் சிறுவன் மிசிசிப்பியில் வெள்ளையராற் கொடூரமாகக் கொல்லப்பட்டான். சிக்காகோவில் அவன் தாய் மேமி டில் பெட்டியை மூடலாகாது என்றார். சிதைந்த முகத்தைப் பல்லாயிரவர் கண்டனர். நாட்டின் மனச்சான்று விழித்தது. ஆங்கே அவ்வம்மையார் சொற்படி நின்றவரும் ஓர் ஈம வணிகரே.

எரித்தல் வழக்கம் அந்நாட்டில் மிகப் பிந்தியது. 1876 டிசம்பரில், வாஷிங்டன் என்றே பெயர்கொண்ட பென்சில்வேனியச் சிற்றூரில், லெமாயின் என்னும் மருத்துவர் கட்டிய சூளையில் டி பாம் என்னும் பிரபுவின் உடல் முதன்முதல் எரிக்கப்பட்டது. அதனை முன்னின்று நடத்தியவர் கர்னல் ஆல்காட். அவரே பின்னர்ச் சென்னை அடையாற்றில் பிரமஞான சபையை நிலைபெறுத்தி, 1907-இல் அங்கேயே இறந்து எரியூட்டப் பெற்றார். கத்தோலிக்கத் திருச்சபை 1963-இல் தடையைத் தளர்த்தியது. 2015-ஆம் ஆண்டளவில் எரிப்போர் தொகை புதைப்போர் தொகையை விஞ்சிற்று.

அங்குக் குடியேறிய இந்துக்களும் இச்சூளைகளையே நாடுகின்றனர். கொள்ளி வைக்க வேண்டிய மகன் அங்கே ஒரு பொத்தானை அழுத்துகிறான். சாம்பலைக் கங்கைக்குக் கொண்டுவருவாரும் உளர். ஆங்குள்ள ஆற்றிலோ கடலிலோ கரைப்பாரும் உளர். நேரம் கடந்தமையின் இவ்வளவில் அமைகின்றேன். ஈமநிதி பற்றிய வாதத்தைத் தாங்கள் தொடர்ந்து நடத்தலாம்.