காந்தம் எட்டாத தூரம்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



காந்தத்தின் முன் இரும்பு அசைவதை நம் முன்னோர் வெறும் வேடிக்கையாகக் கண்டாரில்லை. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் ஐந்தாஞ் சூத்திரத்தில் அதனை உவமையாக எடுத்தாண்டார். அந்தக் காந்தத்தின் இழுவை தூரத்தோடு எவ்வாறு குறைகின்றது என்பதை மாத்திரம் இன்று ஆராய்வோம்.

மேசைமேல் ஒரு குண்டூசியை வைத்துக் காந்தத்தை மெல்ல அதன்பால் நகர்த்துகின்றோம். ஊசி அசையவில்லை. இன்னுஞ் சற்று நெருங்குகின்றோம். திடீரெனப் பாய்ந்து ஒட்டிக்கொள்கின்றது. இழுவை இப்படிச் சடுதியாகப் பெருகுவது ஏன்?

பிரான்சு நாட்டு அறிஞர் கூலோம் 1785 ஆம் ஆண்டில் முறுக்குத் தராசு கொண்டு இதனை ஆராய்ந்தார். ஒரு முனைக்கும் இன்னொரு முனைக்கும் இடையே தூரம் இருமடங்கானால் விசை நாலிலொன்றாகும் என்று கண்டார். ஆனால் எந்தக் காந்தத்துக்கும் இரு முனைகள் உண்டு. தூரத்திலே ஒரு முனையின் வேலையை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும். ஆகவே தொலைவில் தூரம் இருமடங்காகக் காந்தப் புலம் எட்டிலொன்றாகின்றது. அன்றியும், இரும்புத் துண்டு தானாகக் காந்தமன்று. அப்புலத்தினாலே காந்தமாக்கப்பட்ட பின்னரே இழுக்கப்படுகின்றது. புலம் மெலிய இரும்பின் காந்தத்தன்மையும் மெலியும். எல்லாஞ் சேர, சிறு துண்டொன்றின் மீதுள்ள இழுவை ஏறக்குறைய 128 இல் ஒரு பங்காகிவிடும். செம்பு, பித்தளை, அலுமினியம் என்பனவோ தொட்டாலும் ஒட்டமாட்டா.

இது பள்ளிக்கூடக் கணக்கு மாத்திரமன்று. நமது மாங்குளம் 1990, 1998, 1999, 2008 ஆகிய ஆண்டுகளிற் போரிலே கைமாறிய ஊர். வன்னி மண்ணில் அக்காலத்து மிதிவெடிகள் பல புதைந்தன. அவற்றை அகற்றுவோர் கையிலுள்ள கருவி காந்தமன்று. அதிலுள்ள கம்பிச்சுருள் மாறும் புலமொன்றை நிலத்துள் அனுப்புகின்றது. அப்புலம் உலோகத்தில் மின்னோட்டத்தை எழுப்ப, அதன் எதிரொலி சுருளுக்கு மீள்கின்றது. ஆதலின் செம்பும் அலுமினியமுங்கூட அதற்குப் புலப்படும். ஆனால் போகும்போதும் மெலிவு, திரும்பும்போதும் மெலிவு. சுருளின் அளவினும் ஆழம் மிகுந்துவிட்டால், தூரம் இருமடங்காக எதிரொலி ஏறக்குறைய 64 இல் ஒரு பங்கே. பிளாஸ்டிக் உறையுள்ள மிதிவெடிகள் சிலவற்றில் உலோகம் மிக அற்பம். அதனாலன்றோ பயிற்சி பெற்றவர்கள் கருவியை நிலத்தோடு ஒட்டினாற்போல் மெதுவாக வீசி, சாண் சாணாக முன்னேறுகின்றனர்!

இளைஞர்களே, பழைய இரும்பு தேடும் ஆசையில் காந்தத்தைக் கயிற்றிற் கட்டிப் பாழ்ங்கிணற்றில் இறக்குவதும், பற்றைக் காணியில் இழுத்துப் பார்ப்பதும் வேண்டாம். ஒன்றும் ஒட்டாவிட்டால், "இங்கே ஒன்றுமில்லை" என்று எண்ணிவிடுவோம். அரைச்சாண் மண்ணே நம்மை ஏமாற்றப் போதும். ஒட்டினாலோ, பாய்ந்து வந்து மோதுவது இன்னதென்று நாம் அறியோம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள். வந்த சுவட்டிலேயே திரும்பிக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். தம்பி தங்கையருக்கும் இதனைச் சொல்லிவையுங்கள்.

இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. உடன்படிக்கை இனிப் புதைப்பதைத் தடுக்கும். முன்னரே புதைந்ததை மனிதரே ஒவ்வொன்றாக எடுத்தல் வேண்டும். அதுவரை நாம் மறவாதிருக்க வேண்டியது ஒன்றே: இழுவை தெரியாமை, பொருள் இல்லாமைக்குச் சான்றாகாது.