ஊர்மக்கள் கையில் ஆட்சி



ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுதல் நம் மரபு. இன்று நாம் குடிக்கும் நீரையும் நடக்கும் தெருவையும் பற்றிப் பேச இசைவு தந்தீர்கள், நன்றி. தெருவிளக்கு அணைந்துவிட்டால் யாரிடம் முறையிடுவது? அவருக்கு அதனைச் சீர்செய்யும் அதிகாரமும் பணமும் உண்டா? இவ்விரு வினாக்களே அதிகாரப் பரவல் என்னும் கொள்கையின் உயிர்நிலை.

ஊராட்சி என்றவுடன் நாம் உத்திரமேரூரைச் சொல்லிப் பெருமை கொள்கிறோம். முதற் பராந்தகன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வாரியங்களில் இடம்பெற இயலாது என்ற விதி இன்றும் வியப்பூட்டுவது. ஆயினும், நிலமும் வேதக் கல்வியும் உடையவர்க்கே அங்கு இடமிருந்தது என்பதையும் மறைத்தல் கூடாது. பெருமையைப் போலவே குறையும் நமக்குப் பாடமாகும்.

இக்குறையை நன்கு உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948இல் அரசியல் நிர்ணய சபையில், சிற்றூரைப் போற்றியவர்களை அவர் கடுமையாக மறுத்தார். அறியாமையும் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் அங்கே குடிகொண்டுள்ளன என்றார். காந்தியடிகளின் வழிநின்றோர் வற்புறுத்தியதால் ஊராட்சிகள் பற்றிய 40ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. எனினும் அது நெறிகாட்டும் கோட்பாடாகவே நின்றது, கட்டளையாகவில்லை.

1957இல் பல்வந்தராய் மேத்தா குழு மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. 1959ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ராஜஸ்தானத்து நாகௌரில் பண்டித நேரு அதனைத் தொடங்கி வைத்தார். ஆனால் பல மாநிலங்களில் ஆர்வம் விரைவிலேயே தணிந்தது. தேர்தல் நடத்தாமலே ஆண்டுகளைக் கடத்துவது வழக்கமாயிற்று. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான் நடைபெற்றது. ஒரு தலைமுறையே தன் நகரசபைக்கு வாக்களிக்காமல் வளர்ந்தது!

இந்நிலையை மாற்றவே 1993இல் 73ஆம், 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம், ஆதிதிராவிடர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள் தொகைக்கேற்ற இடம், மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் ஆகியவை உறுதியாயின. ஊராட்சிகளுக்கென 29 துறைகளும் நகராட்சிகளுக்கென 18 துறைகளும் பட்டியலிடப்பட்டன.

ஆயினும் ஒரு சிறு சொல் இங்கே தடையாக நிற்கிறது. அத்துறைகளுக்கான அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் 'வழங்கலாம்' என்றுதான் சட்டம் கூறுகிறது. 'வழங்க வேண்டும்' என்று கூறவில்லை. டெல்லியிலிருந்து தலைநகர்களுக்கு அதிகாரம் வேண்டுமென்று முழங்கும் மாநிலங்கள், அதே அதிகாரத்தைத் தம் சிற்றூர்களுக்கு ஈயத் தயங்குவது முறையா? கேரளம் 1996இல் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கென ஒதுக்க முன்வந்தது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு அதுவே சான்று.

அம்பேத்கரின் அச்சமும் பொய்க்கவில்லை. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997இல் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆதிதிராவிடர் ஒருவர் தலைமை ஏற்றதே பகைக்குக் காரணம். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய தனி ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுக் காலம் தேர்தல் முறையாக நிலைபெறவில்லை. 2006இல்தான் நிலைமை மாறியது. எனவே, அதிகாரம் ஊருக்குச் சென்றால் மட்டும் போதாது. ஊரில் எளியவன் கைக்கும் அது சென்றாக வேண்டும். அதற்குச் சட்டத்தின் காவலும் மேலரசின் விழிப்பும் இன்றியமையாதவை. இதனைக் காரணம் காட்டி அதிகாரத்தையே மேலே பூட்டி வைத்தல், நோய்க்கு அஞ்சி உணவை விலக்குவதை ஒக்கும்.

அன்பர்களே, இக்கடமையில் நமக்கும் பங்கு உண்டு. பிழைப்பு நாடி வந்த நகரத்தில் வாழ்கிறோம், அதன் நீரைக் குடிக்கிறோம், வரியும் செலுத்துகிறோம். ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு நம் வார்டு உறுப்பினரின் பெயர் தெரியும்? வழக்கமாகக் குடியிருக்கும் இடத்திலேயே வாக்காளராகப் பதிந்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். ஊரில் உள்ள பட்டியலில் பெயரை விட்டுவைத்து, இங்கே விருந்தினராகவே காலம் கழிப்பவர்க்கு இந்நகரத்தின் குழாயடியில் குரல் ஏது? மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைய வேண்டுமென்பதும் அரசியலமைப்பின் ஆணையே. அவை அமைந்துள்ளனவா, கூடுகின்றனவா என்று கேட்பது நம் உரிமை.

மேலே உள்ளோர் தாமாக இறக்கிக் கொடுத்த அதிகாரம் குறைவு. கீழே உள்ளோர் கேட்டுப் பெற்றதே நிலைத்தது. யாதும் ஊரே என்ற உணர்வு, வாழும் ஊரின் பொறுப்பை ஏற்கும்போதே நிறைவு பெறும்.