பீப்பாய்களின் ஓவியர்

கவிதை, சிறுகதை என்று பேசிவந்த நான் இன்று ஓர் ஓவியர் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் ஓவியருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். நமது எழுத்தாளர்களின் கதைகளில் வரும் அதே கொழும்பைத்தான் இவரும் வரைந்திருக்கிறார்.

சந்திரகுப்த தேனுவர 1960 இல் காலியில் பிறந்தவர். மொஸ்கோவிலுள்ள சூரிகோவ் கலை நிறுவனத்தில் பயின்றவர். 1993 இல் விபவி நுண்கலைக் கழகத்தை நிறுவினார். இவரது பெயர் பரவலாகத் தெரியவந்தது 1997 இல், 'பரலிஸம்' என்ற தலைப்பில் இவர் காட்சிக்கு வைத்த படைப்புகளினால். கியூபிஸம், இம்ப்ரெஷனிஸம் என்றெல்லாம் மேனாட்டார் இயக்கங்களுக்குப் பெயர் சூட்டுவது போல, நமது வீதிகளில் நின்ற பரல்களை, அதாவது தகரப் பீப்பாய்களை, வைத்து இவரும் ஓர் 'இஸம்' உண்டாக்கினார். பெயரிலேயே கேலி இருக்கிறது.

அந்தப் பீப்பாய்களை இளைய நேயர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். சோதனைச் சாவடிகளின் முன்னால் வாகனங்கள் வளைந்து நெளிந்து மெதுவாகச் செல்லும்படி அவற்றை நிறுத்தியிருப்பார்கள். பச்சை, மண்ணிறம், கறுப்பு எனத் திட்டுத் திட்டாக உருமறைப்பு வர்ணம் பூசியிருக்கும். காட்டில் மறைந்துகொள்வதற்கான வர்ணம் அது. காலி வீதியில் அதைப் பூசினால் எதை மறைக்கலாம்? தூரத்திலிருந்தே கண்ணில் குத்தும்.

வெள்ளவத்தையில் ஒரு மாலை, எனது அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நெடுநேரம் நின்ற களைப்பில் பக்கத்திலிருந்த பீப்பாயின் மீது கையை ஊன்றினேன். வர்ணம் காயவில்லை. சட்டைக் கையில் ஒட்டிய பச்சை, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அட்டை திரும்பக் கிடைத்தது, சட்டைதான் வீணாயிற்று.

இந்த அனுபவத்துடன்தான் தேனுவரவின் கண்காட்சிக்குச் சென்றேன். நிலக்காட்சி ஓவியங்களில் மரங்களும் மனிதரும் இருக்க வேண்டிய இடத்தில் பீப்பாய்கள். ஓவியங்களோடு மெய்யான பீப்பாய்களும் நிறுத்தப்பட்டிருந்தன. எனக்கு முதலில் எரிச்சலே வந்தது. வெளியே பார்ப்பது போதாதா? ஆனால் அங்கே என்னிடம் எவரும் அட்டை கேட்கவில்லை. ஒரு பீப்பாயை நான் சுற்றி வந்து பார்த்தேன். எத்தனையோ மாதங்களாக அவற்றைக் கடந்து போனவன், ஒன்றின் மறுபக்கத்தைப் பார்த்தது அன்றுதான்.

துணியும் தூரிகையும் மட்டும் போதாமல் இவர் தகரத்தை நாடியதன் காரணத்தை நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். புதுமைக்காகப் புதுப் பொருளைத் தேடுபவர்கள் உண்டு; அவர்கள் மீது எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. இவர் தேடிப் போகவில்லை. நகரமே அந்தப் பொருளை வீதியில் நிறுத்தி, வர்ணமும் பூசி வைத்திருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1983 ஜூலையை நினைவுகூர்ந்து, ஜூலை 23 ஆம் திகதியை ஒட்டி இவர் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்திவந்திருக்கிறார். ஒரு சிங்களக் கலைஞர் அதனைச் செய்தார் என்பதை நாம் போதிய அளவு கவனித்தோமா என்பது ஐயமே. பிறரை ஏன் குறை கூறுவான்? பத்திரிகைகளில் பத்தி எழுதிக்கொண்டிருந்த நானே அந்நாட்களில் இவரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. பயம் ஒரு காரணம். நமது துயரத்தை மற்றவர் எடுத்து வரைவதா என்ற மனத்தாங்கல் மற்றொன்று. அந்த மனத்தாங்கல் தவறானது.

எல்லாப் படைப்புகளும் ஒரே தரத்தன என்று சொல்லமாட்டேன். சிலவற்றில் கருத்து முந்திக்கொண்டு, ஓவியம் பின்தங்கி நிற்கிறது. ஆண்டுதோறும் ஒரே நாளுக்காகப் படைப்பவருக்கு அது நேரக்கூடியதே.

போர் 2009 இல் முடிந்தது. பீப்பாய்கள் அகற்றப்பட்டன. 2010 இல் நகர அபிவிருத்தி பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தது. நடைபாதைகளும் புல்வெளிகளும் தோன்றின. 2013 இல் தேனுவர தமது கண்காட்சிக்கு இட்ட பெயர் 'அழகுபடுத்தல்'. உருமறைப்புத் திட்டுகளை அவ்வளவு காலம் உற்றுப் பார்த்தவருக்கு, புதிய நடைபாதைக் கற்களும் ஒரு பூச்சாகவே தெரிந்திருக்க வேண்டும். நானும் அந்த நடைபாதையில் மாலை வேளைகளில் நடக்கிறேன்; நன்றாகத்தான் இருக்கிறது. வீதி திருத்துபவர்கள் எங்காவது ஒரு பீப்பாயை வைத்திருந்தால் மட்டும் கை சட்டைப் பைக்குப் போகிறது.