ஒளிச் சொற்களும் உள்ளத்து உணர்ச்சியும்



காற்றில் ஆடும் அகல்விளக்கின் சுடர் ஒரு கணம் தாழும்; மறுகணம் எழும். மனித உணர்ச்சிகளிற் சிலவும் அத்தகையனவே. ஆங்கில மொழி இவ்விரண்டிற்கும் ஒரே சொல்லை வழங்குகிறது. நிலையின்றி ஆடும் ஒளி 'பிளிக்கர்'. மங்கித் தோன்றும் ஒளி 'கிளிம்மர்'. வெட்டி மறையும் ஒளி 'பிளாஷ்'. 'பிளிக்கர் ஆப் ஹோப்', 'கிளிம்மர் ஆப் ஹோப்' என்று நம்பிக்கையையும், 'பிளாஷ் ஆப் ஆங்கர்' என்று சினத்தையும் இவற்றோடு இணைப்பர். மங்கிய ஒளியைச் சினத்தோடு இணைத்தல் அரிது. அம்மொழியில் நம்பிக்கை மினுக்கும். சினம் மின்னலென வெட்டும்.

இவற்றைத் தமிழில் எவ்வாறு சொல்வது? சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற நூல்கள் தனிச்சொற்களுக்குப் பொருள் தந்து உதவும். ஆயினும் சொல்லுக்குச் சொல் வைத்து, 'நம்பிக்கையின் மினுக்கல்' என்று எழுதினால் தமிழ்ச்செவி அதனை ஏற்பதில்லை. ஆங்கிலம் இங்கே பெயர்ச்சொல்லை நாடுகிறது. தமிழோ வினைச்சொல்லை நாடுகிறது. நம்பிக்கை துளிர்க்கிறது, புன்னகை அரும்புகிறது, சினம் பொங்குகிறது. ஆங்கிலம் விளக்கினிடம் பெற்ற உவமையை நாம் செடியினிடமும் நீரினிடமும் பெறுகிறோம். ஒளியும் நமக்குப் புறம்பானதன்று. சினத்தால் கண்ணில் பொறி பறக்கிறது. மகிழ்ச்சியால் முகம் பளிச்சென்று மலர்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வேற்று மாநிலத்தில் நோயுற்றிருக்கும் மகனைப்பற்றி ஆங்கிலத்தில் வந்த மருத்துவர் கடிதத்தை, ஊரிலிருக்கும் தாயாருக்கு நாம் தமிழிற் சொல்ல நேர்கிறது என்று கொள்வோம். அதில் 'கிளிம்மர் ஆப் ஹோப்' என்றிருக்கிறது. 'நம்பிக்கை ஒளி வீசுகிறது' என்றால் இல்லாத உறுதியைத் தந்தவராவோம். 'நம்பிக்கைக்கு இடமில்லை' என்றால் இருப்பதையும் பறித்தவராவோம். 'சிறிதளவு நம்பிக்கை தென்படுகிறது, அம்மா' என்பதே நேர்மையான தமிழ். ஒளியின் அளவு கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

'பிளிக்கர்' என்னும் சொல் பழைய ஆங்கிலத்தில் பறவை சிறகடித்தலைக் குறித்தது. சுடரின் ஆட்டத்தைக் குறித்தது பின்னரே. நம் 'படபட' என்னும் இரட்டைக்கிளவியை எண்ணிப் பாருங்கள். சிறகும் படபடக்கிறது, நெஞ்சும் படபடக்கிறது. இருவேறு மொழியினரும் நிலையாமையைச் சிறகிலே கண்டனர் என்பது வியப்பன்றோ?

தமிழகத்திற்கு வெளியே வளரும் நம் குழந்தைகள் ஆங்கிலச் சொற்களைப் பள்ளியிலேயே கற்றுவிடுவர். மினுமினு, பளபள, படபட என்பவற்றை அவர்களுக்கு அங்கே கற்பிப்பார் பெரும்பாலும் இலர். இவை ஏட்டினும் பேச்சிலேதான் மிகுதியாக வாழ்கின்றன. ஆகவே, மாலையில் விளக்கேற்றும்போது, சுடர் என்ன செய்கிறது என்று குழந்தையைத் தமிழிலே கேட்போம். விடை வரும்வரை பொறுத்திருப்போம்.