தலையெழுத்தும் தலைக்குள் கட்டியும்

(திருக்கழுக்குன்றத்தில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மூளையிலும் தண்டுவடத்திலும் உண்டாகும் ஆஸ்ட்ரோசைட்டோமா என்னும் கட்டியைப் பற்றியதாகும். நான் டாக்டரல்ல; பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனுமல்ல. ஆனால் இந்நோய் என் குடும்பத்திற்குள் வந்தது. வந்தபோது நாங்கள் நடந்துகொண்ட விதத்தினால் எட்டு மாதம் பாழாயிற்று. அதன் பிறகு படித்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே சொல்லுகிறேன். நான் சொல்லுவதற்காக நம்ப வேண்டாம். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தை மகன் ஒரு கொத்தனார். வயது முப்பத்திரண்டு; கலியாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. ஒருநாள் சுவர் பூசிக்கொண்டிருக்கையில் வலக்கை விரல்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுத்தன. கரண்டி கீழே விழுந்தது. இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. பிறகு அடிக்கடி வந்தது. ஒருநாள் இழுப்பு கையிலிருந்து முகத்திற்கு ஏறி, நினைவு தப்பி விழுந்தான். ஓடி வந்தவர்கள் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார்கள். காற்று கருப்பு என்று வேப்பிலை அடித்தார்கள். ஜாதகம் பார்த்தவர், மனைவி காலடி வைத்த நேரம் சரியில்லை என்றார். அப்போது அந்தப் பெண் கர்ப்பிணி. கடைசியாக, நம் ஊர் சங்கு தீர்த்தத்தில் ஒரு மண்டலம் முழுகி மலையை வலம் வந்தால் தீரும் என்றார்கள், அதுவும் நடந்தது.

அப்போது பகுத்தறிவுக்காரனாகிய நான் என்ன செய்தேன்? "பேயாவது பிசாசாவது" என்று சிரித்தேன். "வெயிலில் வேலை செய்கிறவனுக்கு அப்படித்தான் வரும், நன்றாய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பேய் இல்லை என்று சொன்னதோடு என் வேலை தீர்ந்தது என்று இருந்துவிட்டேன். பேயோட்டியவர் கெடுத்ததற்குக் குறையாமல் நானும் கெடுத்தேன். இல்லாததை இல்லை என்று சொல்லுவது பாதி வேலைதான். இருப்பது என்ன என்று காட்டுவதல்லவா மீதிப் பாதி?

வழி கண்டவள் அந்தப் பெண்தான். யாரையும் கேளாமல் புருஷனைப் பஸ்ஸில் ஏற்றிச் செங்கற்பட்டு சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கிருந்த டாக்டர் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "இழுப்பு எப்போதும் வலக்கையில் துவங்குகிறதா? அப்படியானால் மூளையில் இடப்பக்கம் பார்க்க வேண்டும்" என்றார். படம் எடுத்தார்கள். இடப்பக்கத்தில் கட்டி இருந்தது.

இது ஜோசியமல்ல. மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பாதியை ஆளுகிறது. வலப்பாதி இடப்பாதியை ஆளுகிறது. 1884-ல், எக்ஸ்ரே கண்டுபிடிப்பதற்குப் பதினோரு வருஷம் முன்னதாகவே, லண்டனில் ஓர் இளைஞனுக்கு இடப்பக்கம் இழுப்பும் கையில் பலவீனமும் இருந்தன. பென்னெட் என்ற டாக்டர் அந்தக் குறிகளை மாத்திரம் கொண்டு, கட்டி இன்ன இடத்தில் இருக்கிறது என்றார். காட்லீ என்ற ரணசிகிச்சை டாக்டர் அங்கேயே திறந்தார்; கட்டி அங்கேயே இருந்தது. நோயாளி ஒரு மாதத்திற்குள் காயத்தில் கிருமி சேர்ந்து இறந்துபோனான். ஆனாலும் எந்த இழுப்பைக் கண்டு உலகம் பேய் என்றதோ, அந்த இழுப்பே கட்டியின் விலாசம் என்பது அன்று ருசுவாயிற்று.

இனி இந்தக் கட்டி என்ன? நம் மூளையில் நரம்பணுக்களுக்குத் துணை நின்று, அவற்றுக்கு வேண்டியதைக் கொடுத்துக் காக்கும் அணுக்கள் உண்டு. கிளை கிளையாக நட்சத்திரம்போல் இருப்பதால் அவற்றை நட்சத்திர அணுக்கள் என்கிறார்கள். ஜோசியர்கள் சந்தோஷப்பட வேண்டாம். இது ரோகிணியுமல்ல, மூலமுமல்ல! இந்த அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால் அதுதான் ஆஸ்ட்ரோசைட்டோமா. பெரும்பாலோருக்கு ஏன் வருகிறதென்று இன்னும் காரணம் தெரியவில்லை. சிறு வயதில் தலைக்குக் கதிர் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கும், பரம்பரையாய் வரும் சில அபூர்வ நோய்கள் உள்ளவர்களுக்கும் வருவதுண்டு. இது தொற்றுநோயல்ல. மனைவியின் காலடியால் வருவதுமல்ல.

மண்டையோட்டில் வளைந்து நெளிந்து ஓடும் கோடுகளைக் காட்டி, பிரமன் எழுதிய தலையெழுத்து என்கிறார்கள். அது எழுத்தல்ல; எலும்புத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்த மூட்டு. பிள்ளைப் பருவத்தில் மூளை வளர இடம் கொடுத்து, பிறகு இறுகிவிடுகிறது. இறுகின ஓட்டுக்குள் கட்டி வளர்ந்தால் இடம் ஏது? உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அதனால்தான் காலையில் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் எல்லாம். கட்டி முன்மூளையில் இருந்தால் குணமே மாறும். பேச்சுப் பகுதியில் இருந்தால் வார்த்தை குழறும். குழந்தைகளுக்குச் சிறுமூளையில் இருந்தால் நடை தள்ளாடும்.

தண்டுவடத்தில் வந்தால் முதுகுவலி. அதுவும் இரவில் படுத்தால் அதிகமாகும். கால் மரக்கும், தளரும். சிறுநீர் கட்டுப்பாடு தவறும். இதை வாயு என்றும் சுளுக்கு என்றும் நீவிக்கொண்டிருந்தால், கால் விழுந்தபின் போன பலம் முழுதும் திரும்புவது அரிது. நடக்கும் காலோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்தக் கட்டியில் நாலு தரம் உண்டு. முதல் தரம் பெரும்பாலும் குழந்தைகளுக்கு வருவது. அதை முழுதும் எடுத்துவிட முடிந்தால் அநேகமாய்க் குணமாகிவிடும். இரண்டு, மூன்று, நாலாம் தரங்கள் வயலில் அருகம்புல் வேரோடுவதுபோல் நல்ல மூளைக்குள் ஊடுருவும். எத்தனை எடுத்தாலும் வேர் மிஞ்சும். கிளியோபிளாஸ்டோமா என்னும் மிகக் கொடியதை 2021 முதல் தனி வகையாகவே பிரித்திருக்கிறார்கள். அதில் சிகிச்சை செய்தும் சராசரி ஒன்றேகால் வருஷம்தான். இதை மறைப்பது யோக்கியமல்ல.

சிகிச்சை என்னவென்றால், முதலில் எம்.ஆர்.ஐ. படம். பிறகு ரணசிகிச்சை செய்து, அபாயமின்றி எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுத்து, எடுத்த துண்டை நுண்நோக்கியிலும் ஜீன் பரீட்சையிலும் பார்த்துத் தரம் அறிகிறார்கள். மூளைக்குத் தன்னளவில் வலி தெரியாது. ஆகவே என் அத்தை மகனுக்குச் சென்னையில் ரணசிகிச்சை நடந்தபோது, அவன் விழித்திருந்து விரலை மடக்கிக் காட்டியும் பதில் சொல்லியும் கொண்டிருந்தான்; கையும் பேச்சும் கெடாமல் அறுப்பதற்காக அப்படி. அவனுக்கு மூன்றாம் தரம். பிறகு வாரம் ஐந்து நாளாக ஆறு ஏழு வாரம் கதிர் சிகிச்சை. அப்புறம் டெமோஸோலமைட் என்ற மாத்திரை. இரண்டாம் தரத்தின் ஒரு வகைக்கு, வளர்ச்சியைத் தாமதப்படுத்தும் வோராசிடெனிப் என்ற புது மாத்திரையை 2024-ல் அமெரிக்காவில் அனுமதித்திருக்கிறார்கள்.

இவையெல்லாம் நமக்கு எட்டாதவை என்று எண்ண வேண்டாம். 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950-ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராமமூர்த்தியும் மூளை ரணசிகிச்சையைத் துவக்கினார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி வந்தது. சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இருக்கிறது. வீட்டில் அட்டை இல்லாதவர்கள் நோய் வருமுன் விசாரித்து வாங்கி வையுங்கள்.

வலிப்பெல்லாம் கட்டியல்ல, பெரும்பாலானவை வேறு காரணத்தால் வருபவை. ஆனால் முதல் வலிப்பு வந்த எவரையும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்திற்கு மேல் நிற்காவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். எந்தப் பக்கம் துவங்கிற்று என்று கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். முக்கியமாக, வலிப்புள்ளவரைத் தனியே குளத்தில் இறக்காதீர்கள். தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் கட்டி கொல்லுமுன் குளம் கொன்றுவிடும்.

என் அத்தை மகன் அதன் பிறகு ஐந்து வருஷம் இருந்தான். மூன்று வருஷம் கரண்டி பிடித்தான். மகளைக் கையைப் பிடித்து ஒன்றாம் வகுப்பில் சேர்த்தான். பிறகு கட்டி திரும்பி வந்து இறந்துபோனான். எட்டு மாதம் முந்திப் போயிருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்பீர்கள். தெரியாது என்பதே நேர்மையான பதில். ஆனால் அந்த எட்டு மாதம் கட்டிக்குக் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. அதைக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் ஒருவருக்கு இப்படி வந்தால், பேய் இல்லை என்று வாதாடிவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். அவரை அழைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.